இரண்டாவது பாலத்தின் நீளத்தில் ஒரு நட்சத்திரம்

என் தொழில் வாகன விபத்து ஆய்வு. மோதிய கார்களைப் போய்ப் பார்ப்பேன், நசுங்கலை அளப்பேன், படம் எடுப்பேன், யார் சொல்வது உண்மைக்குக் கிட்டத்தில் இருக்கிறது என்று காப்புறுதிக்காரர்களுக்கு அறிக்கை எழுதுவேன். பினாங்குத் தீவிலும் பட்டர்வொர்த் பக்கத்திலும் இருபது வருஷத்துக்கு மேல் இதே வேலை. நட்சத்திரங்களோடு எனக்கு இருந்த சம்பந்தம் காலண்டரில் ராசிபலன் பார்க்கிற அளவுதான்.

அக்கா மகள் மிண்டனில் உள்ள பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிக்கிறாள், மூன்றாம் ஆண்டு. ஒரு சனிக்கிழமை லிட்டல் இந்தியாவில் ஒரு கடையில் தே தாரேக் குடித்துக்கொண்டிருந்தோம். கைப்பேசியை என் காதுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். தாழ்வாக ஒரு முனகல். கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தது. அப்புறம் சட்டென்று மேலே ஏறி, விசில் மாதிரி ஆகி, அறுந்துபோனது.

“என்ன இது?”

“விபத்து மாமா. ரெண்டு நியூட்ரான் நட்சத்திரம் மோதுன சத்தம். பெரிய நட்சத்திரம் வெடிச்சுச் செத்தப்புறம் மிஞ்சுற இறுகுன உருண்டை அது. நீங்க ஒரு பம்பருக்குப் பத்துப் பக்கம் எழுதுவீங்க இல்ல? இதுக்கு ஒரு ரிப்போர்ட் எழுதுங்க பார்ப்போம்.”

“வண்டியப் பார்க்காம எப்படிம்மா ரிப்போர்ட் எழுதுறது?”

“அவங்களும் பார்க்கலதான். ஆனா உள்ள இருக்கிற பொருள் எவ்வளவு கெட்டின்னு சொல்லிட்டாங்க.”

அந்தக் கடைசி வார்த்தையில்தான் மாட்டிக்கொண்டேன். வண்டியைப் பிரிக்காமல் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்வது என் வேலையிலும் பாதி. சில மாதங்கள் அவள் கொடுத்ததையெல்லாம் படித்து, புரியாததை அவளிடமே கேட்டு எழுதியது கீழே இருக்கிறது. அறிக்கைக்கு நான் வழக்கமாகப் போடும் தலைப்புகளையே போட்டிருக்கிறேன்.

நேரம், இடம்

2017 ஆகஸ்ட் 17, வியாழக்கிழமை. மலேசிய நேரம் இரவு 8 மணி 41 நிமிடம் 4 விநாடி. இடம், நீர்ப்பாம்பு விண்மீன் கூட்டத்தில் உள்ள என்ஜிசி 4993 என்னும் விண்மீன் மண்டலம். தூரம் சுமார் 13 கோடி ஒளியாண்டு. அதாவது மோதல் நடந்து 13 கோடி வருஷம் கழித்துத்தான் தகவல் வந்து சேர்ந்திருக்கிறது. இவ்வளவு தாமதமாகப் புகார் கொடுத்தால் எங்கள் தொழிலில் கிளேம் நிற்காது.

அந்த நேரத்தில் ஜார்ஜ்டவுனில் நின்று பார்த்திருந்தால் அந்த இடம் மேற்கும் தென்மேற்குமான திசையில், ஆயர் ஈத்தாம் மலைகளுக்கு மேலே, அடிவானத்திலிருந்து சுமார் 25 பாகை உயரத்தில் இருந்திருக்கும். நம் பஞ்சாங்கக் கணக்கில் சொன்னால் சித்திரை நட்சத்திரத்துக்குத் தெற்கே 12 பாகை தள்ளி, அஸ்தத்துக்கு அருகில். கண்ணுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. என் பழைய டைரியில் அன்றைய பக்கத்தில் ‘பத்து மாவ்ங், லோரி, பின்பக்கம்’ என்று மட்டும் இருக்கிறது. மோதலில் கிளம்பி, இடத்தையே நீட்டிச் சுருக்கிக்கொண்டு வரும் ஈர்ப்பலை என்னையும் அந்த லோரியையும் தீவையும் ஊடுருவிக்கொண்டு போயிருக்கிறது. லோரிக்காரர் டயரைப் பற்றித்தான் புலம்பிக்கொண்டிருந்தார்.

சாட்சிகள் சொன்ன வரிசை

முதல் சாட்சி அமெரிக்காவின் இரண்டு லைகோ கருவிகள். வாஷிங்டன் மாநிலத்தில் ஹான்ஃபோர்டில் ஒன்று, லூசியானாவில் லிவிங்ஸ்டனில் ஒன்று. 4 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டு கைகளில் லேசர் ஒளியை ஓடவிட்டு, ஒரு கை மற்றதைவிட நீள்கிறதா சுருங்குகிறதா என்று பார்க்கிற கருவி. புரோட்டானைவிடப் பல மடங்கு சிறிய அசைவும் அதில் தெரியும். இந்த மோதலின் அலை சுமார் 100 விநாடி அதில் பதிவாகியிருக்கிறது. அதற்கு முன் கேட்ட கருந்துளை மோதல்கள் எல்லாம் ஒரு நொடி, இரண்டு நொடிச் சமாசாரம். இது முழு ஒன்றரை நிமிடக் கதை. நான் கடையில் கேட்ட முனகலும் விசிலும் இதன் கடைசிப் பகுதிதான்.

இங்கே ஒரு கோளாறு. மோதலுக்குச் சுமார் ஒரு நொடிக்கு முன்னால் லிவிங்ஸ்டன் கருவியில் ஓர் இரைச்சல் புகுந்துவிட்டது. சந்தேகமான பதிவு என்று கணினி ஒதுக்கிவிட்டது. ஹான்ஃபோர்டின் பதிவை வைத்து மட்டும், ஆறு நிமிடம் கழித்து எச்சரிக்கை எழுந்தது. அதற்குள் விண்வெளியில் சுற்றிக்கொண்டிருந்த ஃபெர்மி செயற்கைக்கோள் காமாக் கதிர் வெடிப்பு ஒன்றைப் பார்த்து, 14 விநாடிக்குள் தானாகவே செய்தி அனுப்பிவிட்டது. ஈர்ப்பலை முடிந்து 1.7 விநாடி கழித்து அந்தக் காமா வெடிப்பு. ஆட்கள் உட்கார்ந்து லிவிங்ஸ்டன் பதிவைக் கையால் துழாவிப் பார்த்தபோது இரைச்சலுக்கு அடியில் அதே முனகல், ஹான்ஃபோர்டில் கேட்டதைவிட உரக்கவே, இருந்தது. டேஷ்கேமில் ஒரு பூச்சி வந்து உட்கார்ந்துவிட்டது என்பதற்காக மொத்தப் படத்தையும் தூக்கிப்போடக் கூடாது என்பதற்கு நான் இனி இதைத்தான் உதாரணம் சொல்வேன்.

மூன்றாவது சாட்சி இத்தாலியின் விர்கோ. ஆகஸ்ட் 1-ஆம் தேதிதான் வேலைக்கு வந்த கருவி. அது கிட்டத்தட்ட ஒன்றையும் கேட்கவில்லை! ஆனால் அந்த மௌனம்தான் பெரிய உதவி. விர்கோவின் கண்படாத திசைகள் சில உண்டு. கேட்கவில்லை என்றால் சம்பவம் அந்தத் திசைகளில் ஒன்றில்தான் நடந்திருக்க வேண்டும். தேட வேண்டிய வானம் சுமார் 30 சதுர பாகையாகச் சுருங்கியது. முழு நிலாவைப் போல 150 நிலா அடுக்குகிற இடம், அவ்வளவுதான். மறுநாள் காலை நம் நேரம் 7:33-க்கு, பாலத்தில் வேலைக்குப் போகிற வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்த நேரத்தில், சிலி நாட்டில் ஸ்வோப் என்னும் ஒரு மீட்டர் தொலைநோக்கி என்ஜிசி 4993-இல் முன்பு இல்லாத ஒரு புள்ளியைப் படம் பிடித்தது.

மோதிய வண்டிகள்

எடை முதலில். அலையின் சுருதி எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதை வைத்து இரண்டின் எடையும் கலந்த ஓர் எண் கிடைக்கிறது. அது மட்டும் மிகத் துல்லியம்: 1.188 சூரிய எடை. அதிலிருந்து கணக்கிட்டால் இரண்டும் சேர்ந்து சுமார் 2.7 சூரியன், தனித்தனியாக 1.2-இலிருந்து 1.6-க்குள் எங்கோ. கிட்டத்தட்ட ஒரே எடையுள்ள இரண்டு வண்டி.

அளவு என்ன? இங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பினாங்கின் இரண்டாவது பாலம், பத்து காவானிலிருந்து பத்து மாவ்ங் வரை, 24 கிலோமீட்டர். நியூட்ரான் நட்சத்திரத்தின் குறுக்களவும் ஏறத்தாழ அதுதான். பாலத்தை விட்டமாக வைத்து ஓர் உருண்டை வரைந்து, அதற்குள் ஒன்றரைச் சூரியனைத் திணித்தால் எப்படி இருக்கும்? அந்தப் பாலத்தில் நான் வாரத்துக்கு இரண்டு தடவையாவது போகிறேன். இப்போதெல்லாம் கிலோமீட்டர் கற்களை வேறு மாதிரிதான் பார்க்கிறேன்.

பத்து காவான் முனையில் ஏறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஒரு கிலோமீட்டர் ஓடு. இரும்பு மாதிரியான அணுக்கருக்கள் சட்டம் கட்டியதுபோல் வரிசையாக இறுகி நிற்கின்றன. உள்ளே போகப் போக அவற்றில் நியூட்ரான் கூடிக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் பிடிக்க முடியாமல் வெளியே ஒழுகுகிறது. ஓட்டின் அடியில் சில நூறு மீட்டருக்குள் அணுக்கருக்கள் உருண்டையாக இருப்பதை விட்டுவிட்டு ஒன்றோடொன்று ஒட்டி நீள்கின்றன, பிறகு தகடாகின்றன. இத்தாலிய உணவின் பெயரால் இதைப் பாஸ்டா என்கிறார்கள். பெயர் வைத்தவர் நம் ஆளாக இருந்திருந்தால் கொழுக்கட்டை, இடியாப்பம், தோசை என்று மூன்று கட்டத்துக்கும் மூன்று பெயர் கிடைத்திருக்கும்.

அதற்கப்புறம் அணுக்கரு என்று தனியாக ஒன்றும் கிடையாது. நியூட்ரான் குழம்பு. நூற்றுக்குச் சில புரோட்டான், அதற்கு ஈடாக எலக்ட்ரான். அடர்த்தி நம் உடம்பில் உள்ள அணுக்கருவின் அடர்த்தி: ஒரு கன சென்டிமீட்டர், அதாவது ஒரு சர்க்கரைக் கட்டி அளவுக்கு, சுமார் 27 கோடி டன். இது வரைக்கும் ஓரளவு தெரிந்த பாதை. அந்த அடர்த்தியை ஈயம், கால்சியம் அணுக்கருக்களை வைத்து ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். பாலத்தின் நடுவை நெருங்க நெருங்க அது இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, கனமான நட்சத்திரமானால் ஐந்தாறு மடங்குகூட ஆகிறது. அங்கே நியூட்ரான் நியூட்ரானாகவே இருக்கிறதா, உடைந்து, தனக்குள் இருக்கும் குவார்க் என்னும் துகள்களாகக் கலங்கிப் போகிறதா, ஹைப்பரான் என்னும் வேறு சரக்கு முளைக்கிறதா என்பதுதான் வழக்கே.

பொருளை அமுக்கினால் எவ்வளவு எதிர்த்து நிற்கும் என்பதை இயற்பியல்காரர்கள் நிலைச் சமன்பாடு என்கிறார்கள். இலவம்பஞ்சு மெத்தை அமுங்கும், தேங்காய் நார் மெத்தை அவ்வளவாக அமுங்காது. பொருள் பஞ்சாக இருந்தால் நட்சத்திரம் சின்னதாகச் சுருங்கும், கொஞ்சம் எடை கூடினாலே தாங்காமல் கருந்துளையாகிவிடும். நாராக இருந்தால் உப்பிக்கொண்டு நிற்கும், அதிக எடை சுமக்கும். ஆக எடையும் குறுக்களவும் கிடைத்துவிட்டால் மெத்தைக்குள் என்ன அடைத்திருக்கிறது என்று ஊகிக்கலாம்.

நசுங்கல்

சில வருஷங்களுக்கு முன் ஜெலுத்தோங் பக்கம் ஒரு கேஸ். சிவப்பு விளக்கில் நின்ற காரைப் பின்னால் வந்த வேன் இடித்தது. இரண்டு பேரும் மெதுவாகத்தான் வந்தோம் என்றார்கள். சறுக்கல் தடம், கண்ணாடிச் சில்லு விழுந்த தூரம் எல்லாம் அதையே சொன்னது. ஆனால் காரின் பின் பம்பர் உள்ளங்கையை மடக்கின மாதிரி உள்ளே போயிருந்தது. அந்த வேகத்துக்கு அந்த ஆழம் பொருந்தவே இல்லை. வெளியே பார்த்தால் ஒரிஜினல் பம்பர், அதே நிறம், அதே வளைவு. பிரிக்கும்முன்பே, உள்ளே இரும்புப் பட்டை இல்லை என்று எழுதிவிட்டேன். பட்டறையில் கழற்றியபோது வெறும் பிளாஸ்டிக். முன்பு எப்போதோ பழுது பார்த்தவர்கள் பட்டையைத் திரும்பப் போடவே இல்லை. வேகமும் எடையும் தெரிந்தால், வளைந்த ஆழத்தை வைத்து உள்ளே இருப்பதைச் சொல்லிவிடலாம்.

நட்சத்திர விபத்தில் ஒரு வித்தியாசம். கார் தொட்ட பிறகுதான் வளையும். இவை தொடுவதற்கு முன்பே வளைகின்றன. நிலா கடலை இழுத்து ஓதம் எழுப்புவதை கர்னி டிரைவில் சாயங்காலம் உட்கார்ந்தவர்கள் எல்லாம் பார்த்திருப்பார்கள். காலையில் சேறாகக் கிடந்த இடத்தில் தண்ணீர் வந்து நிற்கும். இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் நொடிக்குப் பல நூறு தடவை ஒன்றையொன்று சுற்றும் நெருக்கத்துக்கு வரும்போது அதே ஓத விசை ஒவ்வொன்றையும் உருண்டையிலிருந்து முட்டை வடிவத்துக்கு இழுக்கிறது. இழுபடுவதற்குச் சக்தி செலவாகிறது. அந்தச் சக்தி சுற்றுப்பாதையிலிருந்து எடுக்கப்படுகிறது, அதனால் இரண்டும் கொஞ்சம் சீக்கிரமாகவே வந்து மோதிக்கொள்கின்றன. வளையாத இரண்டு கருந்துளைகளாக இருந்திருந்தால் விசில் ஏறியிருக்கக் கூடிய வேகத்துக்கும், உண்மையில் ஏறிய வேகத்துக்கும் உள்ள அந்த மயிரிழை வித்தியாசம்தான் நசுங்கலின் ஆழம்.

இதில் நமக்குச் சாதகமாக ஒரு விஷயம் இருக்கிறது. வளைகிற அளவு ஆரத்தின் ஐந்தாம் அடுக்கைப் பொறுத்தது. ஆரம் 10 சதவீதம் பெரிதாக இருந்தால் வளைவு 60 சதவீதம் கூடுகிறது. அளவுகோல் மோசமாக இருந்தாலும் பெரிய வண்டியையும் சின்ன வண்டியையும் பிரித்துச் சொல்லிவிடலாம்.

கிடைத்த எண் இது. வளைவை அளக்க ஒரு பரிமாணமற்ற எண் வைத்திருக்கிறார்கள். 1.4 சூரிய எடை உள்ள நட்சத்திரத்துக்கு அது 800-க்கு மேல் போக முடியாது என்று 2017-இல் முதல் அறிக்கை சொன்னது. மிக உப்பலான பொருள் என்று சொல்லிவந்த கோட்பாடுகள் அந்த ஒரே வரியில் கீழே விழுந்தன. 2018-இல் பதிவைத் திருத்திப் பார்த்து, இரண்டு நட்சத்திரமும் ஒரே வகைப் பொருளால் ஆனவை என்று வைத்துக்கொண்டபோது அந்த எண் 190 என்று வந்தது, 70-இலிருந்து 580 வரை தள்ளாட்டத்தோடு. ஆரம் 11.9 கிலோமீட்டர், கூடவோ குறையவோ 1.4. அணுக்கரு அடர்த்தியைப்போல் இரண்டு மடங்கில் அழுத்தம் எவ்வளவு என்பதையும் எடுத்தார்கள்: நாம் மூச்சுவிடும் காற்றின் அழுத்தத்தைப்போல் 35-க்குப் பின்னால் 27 பூஜ்யம் போட்ட அத்தனை மடங்கு. 13 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் நடந்த இடியிலிருந்து, பூமியில் எங்கேயும் செய்ய முடியாத ஒரு பொருளின் அழுத்தத்துக்கு எண் போட்டுவிட்டார்கள். சரி, தள்ளாட்டம் பெரிதுதான். என் அறிக்கையில் வேகத்தை மணிக்கு 40-இலிருந்து 60 என்று எழுதினாலும் நீதிமன்றம் ஏற்றுக்கொள்கிறது.

வேறு இடத்துச் சாட்சிகள்

ஒரு விபத்தை மட்டும் வைத்து ஒரு மாடல் காரையே குறை சொல்ல முடியாது. அதே மாடல் ஓடுகிற மற்ற இடங்களிலும் விசாரிக்க வேண்டும்.

எடை சாட்சியிலிருந்து ஆரம்பிக்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். 1930-இல், பத்தொன்பது வயதில், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துமுடித்துக் கப்பலில் இங்கிலாந்து போய்க்கொண்டிருந்த சுப்பிரமணியன் சந்திரசேகர், வெள்ளைக் குறுமீன் என்னும் செத்த நட்சத்திரங்கள் ஓர் எல்லைக்கு மேல் எடை தாங்காது என்று கணக்குப் போட்டார். அந்த எல்லை பிற்பாடு 1.4 சூரியன் என்று நிலைத்தது. 1939-இல் ஓப்பன்ஹைமரும் வோல்கோஃபும் நியூட்ரான் நட்சத்திரத்துக்கு அதே கணக்கைப் போட்டபோது வந்த எல்லை 0.7 சூரியன்தான். நியூட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளாது, இடத்துக்கு மட்டும் போட்டியிடும் என்று அவர்கள் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

2010-இல் ஒரு பல்சார் (சுழலும்போது விட்டுவிட்டுத் துடிப்பு அனுப்புகிற நியூட்ரான் நட்சத்திரம்), பெயர் ஜே1614-2230, சுமார் 2 சூரிய எடை என்று அளக்கப்பட்டது. அளந்த விதம் அழகு. அதனோடு ஒரு வெள்ளைக் குறுமீன் ஜோடி. நம் பார்வைக்கு அந்தச் சுற்றுப்பாதை கிட்டத்தட்ட விளிம்பாகத் தெரிகிறது. குறுமீனுக்குப் பின்னால் போகும்போது பல்சாரின் துடிப்பு அதன் ஈர்ப்புப் பள்ளத்தைத் தாண்டி வர வேண்டியிருப்பதால் மைக்ரோ நொடிக் கணக்கில் தாமதமாகிறது. அந்தத் தாமதத்திலிருந்து குறுமீனின் எடை, அதிலிருந்து பல்சாரின் எடை. 2013-இல் வேறு முறையில் இன்னொன்று, 2.01. அப்புறம் ஜே0740+6620, 2021-இன் திருத்திய கணக்குப்படி 2.08, கூடக்குறைய 0.07.

0.7-க்கும் 2-க்கும் நடுவில் இருக்கிற அந்த 1.3 சூரியன் எடையை யார் சுமக்கிறார்கள்? நியூட்ரான்களுக்கு நடுவில் உள்ள தள்ளுவிசை. நெருங்கினால் பிடிவாதமாகத் தள்ளுகிற அந்த அணுக்கரு விசைதான் இரும்புப் பட்டை. அக்கா மகள் இதை விளக்கியபோது ஒன்று சொன்னாள்: “ஹைப்பரான் உள்ள வந்துட்டா கஷ்டம் மாமா. பஸ்ல மாதிரின்னு வச்சிக்குங்க. நியூட்ரானுக்குக் கீழ சீட்டெல்லாம் ஃபுல், அதனாலதான் மேல மேல நெருக்கிக்கிட்டு நிக்குது, அதனாலதான் பிரஷர். வேற ஜாதி ஆள் வந்தா அவனுக்குக் கீழ சீட்டு காலியா இருக்கு. உட்கார்ந்திடுவான், நெருக்கடி குறையும்.” நெருக்கடி குறைந்தால் 2 சூரியனைத் தாங்காது. கணக்குப்படி ஹைப்பரான் வந்தே ஆக வேண்டும் என்கிறது அணுக்கரு இயற்பியல். வந்தால் நிற்காது என்கிறது எடை. வந்தும் நிற்கிறது என்றால் ஹைப்பரான்களுக்கு நடுவிலும் நாம் அளக்காத ஒரு தள்ளல் இருக்க வேண்டும்.

அடுத்த சாட்சி நைசர். 2017 ஜூனில் அனைத்துலக விண்வெளி நிலையத்தில் பொருத்திய எக்ஸ்கதிர் தொலைநோக்கி. சில பல்சார்களின் மேற்பரப்பில் சூடான திட்டுகள் உண்டு. நட்சத்திரம் சுற்றும்போது திட்டு நம் பக்கம் வந்தால் பிரகாசம், மறைந்தால் மங்கல். ஆனால் முழுதாக மறைவதே இல்லை. நட்சத்திரத்தின் ஈர்ப்பு ஒளியை வளைப்பதால் முதுகுப்பக்கத் திட்டும் கொஞ்சம் தெரிகிறது. டெலுக் பஹாங் மலைப்பாதையில் வளைவுகளில் குவிந்த கண்ணாடி வைத்திருப்பார்களே, மூலைக்கு அந்தப்பக்கம் வருகிற வண்டியைக் காட்டும், அது மாதிரி. எடைக்கு ஆரம் சிறிதாக இருந்தால் வளைவு அதிகம், துடிப்பின் ஏற்ற இறக்கம் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தின் வடிவத்தை வைத்து ஆரம் கண்டுபிடிக்கிறார்கள்.

2019-இல் நொடிக்கு 205 தடவை சுழலும் ஜே0030+0451-ஐ இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கணக்கிட்டன. ஒன்று 12.7 கிலோமீட்டர் என்றது, மற்றது 13. இரண்டு அட்ஜஸ்டர் ஒருவருக்கொருவர் பேசாமல் இவ்வளவு ஒத்துப்போவதை நான் பார்த்ததில்லை. இன்னொரு வேடிக்கை: பாடப்புத்தகப் படங்களில் திட்டுகள் வட துருவத்தில் ஒன்று, தென் துருவத்தில் ஒன்று என்று எதிரெதிராக இருக்கும். இங்கே எல்லாத் திட்டும் தென்பாதியிலேயே கிடக்கிறது.

பிறகு 2021-இல் அந்த 2.08 சூரியக் கனமுள்ள பல்சாரின் ஆரத்தை அளந்தார்கள். ஒரு குழு 12.4, மற்றது 13.7. இரண்டையும் வைத்துப் பார்த்தால் ஒன்று உறைக்கிறது: 1.4 சூரிய நட்சத்திரத்தைவிட இது ஒன்றரை மடங்கு கனம், ஆனால் சுருங்கவில்லை. வெள்ளைக் குறுமீனில் எடை கூடினால் உருவம் சுருங்கும். இங்கே எடை ஏற ஏற உள்ளே எதிர்ப்பும் கூடவே ஏறியிருக்கிறது. அந்த எதிர்ப்பை ஒலியின் வேகமாகவும் சொல்லலாம். கெட்டியான பொருளில் ஒலி வேகமாகப் போகும். மிதமிஞ்சி அமுக்கிய குவார்க் பொருளில் அது ஒளியின் வேகத்தில் 58 சதவீதம் வரை போகும் என்று கோட்பாடு சொல்கிறது. நட்சத்திரத்தின் நடுவே எங்கோ அது 58-ஐத் தாண்டியிருந்தால்தான் இந்த எடையும் இந்த ஆரமும் பொருந்தும் என்று பெரும்பாலான கணக்குகள் சொல்கின்றன. இந்த விசாரணையில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது இதுதான். பொருள் பஞ்சாக ஆரம்பித்து, நடுவில் நாராக மாறுகிறது.

2024-இல் ஜே0437-4715 வந்தது, நமக்கு மிக அருகில், சுமார் 500 ஒளியாண்டில் இருப்பது. 1.42 சூரியன், ஆரம் 11.4. மோதல் சொன்ன 11.9-க்குப் பக்கத்தில்.

சிதறல்

நசுங்கலை அளந்த பிறகு ரோட்டில் கிடப்பதையும் பொறுக்க வேண்டும். சிலியில் தெரிந்த அந்தப் புள்ளி முதலில் நீலமாக இருந்து, சில நாளில் சிவந்து மங்கியது. கிலோநோவா என்கிறார்கள். மோதலில் சுமார் 0.05 சூரிய எடைப் பொருள் வெளியே வீசப்பட்டிருக்கிறது. இவ்வளவு சிதறியிருக்கிறது என்றாலே இரண்டும் தொட்ட கணத்தில் கருந்துளையாகிவிடவில்லை, கொஞ்ச நேரம் ஒரு பெரிய நட்சத்திரமாகத் தாக்குப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். உடனே விழுங்கப்பட்டிருந்தால் சிதற மிச்சம் இருந்திருக்காது. ஆகவே பொருள் ரொம்பப் பஞ்சும் இல்லை. விசில் மேலிருந்து ஓர் எல்லை போட்டது, சிதறல் கீழிருந்து போட்டது.

இதைச் சொன்னபோது அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: “தங்கம் வந்துச்சாமே?” தங்கம் போன்ற கனமான தனிமங்கள் இப்படிப்பட்ட மோதல்களில் உருவாகின்றன என்பதற்கு இது பெரிய சான்று. ஆனால் ஒளியில் பெயர் சொல்லி அடையாளம் கண்டது ஸ்ட்ரான்ஷியம், 2019-இல். அக்காவுக்குச் சுவாரசியம் போய்விட்டது.

முரண்படும் சாட்சிகள்

எந்தக் கோப்பிலும் ஒரு சாட்சி குழப்புவார். இங்கே ஈயம். ஈய அணுக்கருவில் புரோட்டானைவிட நியூட்ரான் அதிகம், அது ஓரத்தில் தோல்போல ஒதுங்கும். நியூட்ரான் பொருள் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு தடிமன். அமெரிக்காவின் ஜெஃபர்சன் ஆய்வுக்கூடத்தில் 2021-இல் அந்தத் தோல் 0.28 ஃபெர்மி என்று அளந்தார்கள் (இங்கே ஃபெர்மி செயற்கைக்கோள் இல்லை, அணுக்கருவை அளக்கிற நீள அலகு). எதிர்பார்த்ததைவிடத் தடிப்பு, நட்சத்திரமும் பெரிதாக இருக்க வேண்டும் என்று அர்த்தம். அடுத்த வருஷம் அதே இடத்தில் கால்சியத்தை அளந்தார்கள், தோல் மெல்லியது. ஒரே வீட்டில் அண்ணன் ஒன்று சொல்ல, தம்பி வேறு சொல்கிறான். பிழை எல்லைகள் அகலம் என்பதால் இருவரையும் நான் பொய்ச்சாட்சி என்று எழுதவில்லை. அணுக்கருவிலிருந்து பாலத்தின் நீளத்துக்கு இருபதாயிரம் கோடிக் கோடி கணக்கில் பெருக்கிப் பேசுகிறோம்; கொஞ்சம் இழுபறி இருக்கத்தான் செய்யும்.

மதிப்பீடு

ஆரம் 11-க்கும் 13-க்கும் நடுவில். தாங்கும் எடை 2 சூரியனுக்கு நிச்சயம் மேல். மோதலில் உருவானது நிலைத்து நிற்காமல் சரிந்தது என்று எடுத்துக்கொண்டு பலர் போட்ட கணக்கில் எல்லை 2.2-ஐ ஒட்டி வருகிறது. 2019 ஆகஸ்டில் ஒரு கருந்துளையோடு மோதிய 2.6 சூரியப் பொருள் ஒன்று பதிவாகியிருக்கிறது. மிகக் கனமான நியூட்ரான் நட்சத்திரமா, மிக லேசான கருந்துளையா என்று அதை எந்தக் கட்டத்தில் போடுவது எனத் தகராறு. நான் கருந்துளைப் பக்கம். 2019 ஏப்ரலில் இன்னொரு இரட்டை மோதல், சேர்த்து 3.4 சூரியன், அது தூரம் அதிகம், ஒளியும் தெரியவில்லை, கோப்புக்கு ஒன்றும் சேரவில்லை.

நடுவில் குவார்க் இருக்கிறதா என்ற கேள்விக்கு எடையும் ஆரமும் மட்டும் பதில் சொல்லாது என்பது என் கருத்து. கெட்டித்தனத்தைத்தான் அவை சொல்கின்றன. எதனால் கெட்டி என்பதை அல்ல. ஜெலுத்தோங் கேஸிலும் நான் பட்டை இல்லை என்று சொன்னேன், இருந்திருந்தால் அது இரும்பா அலுமினியமா என்று ஆழத்தை வைத்துச் சொல்லியிருக்க முடியாது.

அதைச் சொல்லக்கூடிய பகுதி பதிவிலேயே இல்லை. தொட்ட பிறகு அந்தக் கலவை சில மில்லி நொடி நடுங்கியிருக்கும், அந்த நடுக்கத்தின் சுருதி 1000 ஹெர்ட்ஸுக்கு மேலே. இன்றைய கருவிகள் அங்கே மந்தம், லேசர் ஒளியின் சொந்த இரைச்சலே மூடிவிடுகிறது. படம் ஓடிக்கொண்டே வந்து, மோதும் இடத்தில் சரியாக நின்றுவிட்டது. ஐரோப்பாவில் ஐன்ஸ்டைன் டெலஸ்கோப், அமெரிக்காவில் காஸ்மிக் எக்ஸ்ப்ளோரர் என்று பெரிய கருவிகளுக்குத் திட்டம் போட்டிருப்பது பெரும்பாலும் இந்த மில்லி நொடிகளுக்காகத்தான். நைசருக்கு 2023 மே மாதம் உறையில் கிழிசல் ஏற்பட்டு வெயில் உள்ளே புகுந்தது. 2025 ஜனவரியில் விண்வெளி வீரர்கள் வெளியே வந்து ஒட்டுப் போட்டார்கள். அதைப் படித்தபோது நம் ஊர்ப் பட்டறைகள் ஞாபகம் வந்தது.

எங்கள் படிவத்தில் கடைசிக் கட்டம் ‘வாகனம் தற்போது உள்ள இடமும் நிலையும்’. இரண்டு வண்டிக்கும் சேர்த்து ஒரே பதிலாக, ‘கருந்துளை, 2.7 சூரிய எடைக்குச் சற்றுக் குறைவு, பார்வையிட இயலாது’ என்று எழுதி அக்கா மகளிடம் கொடுத்தேன். அவள் பென்சிலை எடுத்து, ‘கருந்துளை’ என்பதற்கு முன்னால் ‘பெரும்பாலும்’ என்று சேர்த்தாள்.

“நீங்கதான மாமா சொல்வீங்க, பார்க்காததப் பார்த்த மாதிரி எழுதாதன்னு.”